ஸ்வீடன்ல பொண்ணுங்க தனியா இருக்கறது எவ்ளோ சேஃப்? உமியோவுக்கு படிக்கப் போறேன்

கோவைப்பொண்ணு_24:

வணக்கங்க எல்லாருக்கும். ஆகஸ்ட் கடைசில ஸ்வீடன் போறேன், உமியோ யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ். அட்மிஷன், பெர்மிட், ஸ்டூடன்ட் ரூம் எல்லாம் ஆயிருச்சு. இப்ப பிரச்சனை அம்மாதான். போன வாரம் வரைக்கும் ஊறுகாய் எத்தனை கிலோ கட்டலாம்னு கேட்டுட்டு இருந்தவங்க, பெரியப்பா பையன் ஃபேமிலி குரூப்ல "உலகத்துலயே ரேப் அதிகம் நடக்கற நாடு ஸ்வீடன்"னு ஒரு வீடியோ போட்டதுல இருந்து சோறே இறங்கமாட்டேங்குது அவங்களுக்கு. இந்தப் பக்கம் யூடியூப்ல பார்த்தா பொண்ணுங்களுக்கு நல்ல நாடுன்னு போடற லிஸ்ட்ல எல்லாம் ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்துதான் மேல நிக்குது. ரெண்டும் எப்படிங்க ஒண்ணா உண்மையா இருக்கும்?

எனக்கு இருக்கற கேள்வி சிம்பிள். டிசம்பர்ல மதியம் 2 மணிக்கே இருட்டிடுமாமே, லைப்ரரில இருந்து தனியா நடந்து வரலாமா? கோரிடார் ரூம்னா பசங்க பொண்ணுங்க எல்லாருக்கும் ஒரே கிச்சன், அது எப்படி இருக்கும்? அப்புறம் ஸ்டாக்ஹோம்ல இருந்து நைட் ட்ரெயின்ல தனியா வர்றதும், லீவுல வடக்கே கிரூனா பக்கம் தனியா சுத்தறதும் சரிப்படுமா? அங்க இருக்கறவங்க நிஜமா எப்படி ஃபீல் பண்றீங்கன்னு சொல்லுங்க, விளம்பரம் வேண்டாம்.

பனிப்பூச்சி:

வாம்மா. நான் உமியோவுலதான் படிச்சேன், இப்ப வேலையும் இங்கதான். இருட்டைப் பத்தி பயப்படாத. ஆலிடெம்ல ரூம் கிடைச்சிருந்தா கேம்பஸ் பக்கத்துலயே இருக்கும், சைக்கிள் பாதை ஃபுல்லா லைட் போட்டிருக்கும், பனி விழுந்துட்டா அந்த வெளிச்சம் பட்டு தரையே பளபளன்னு இருக்கும், உண்மையிலேயே மோசமான மாசம் பனி இல்லாத நவம்பர்தான். நைட் 11 மணிக்கு தனியா ஹெட்ஃபோன் மாட்டிட்டு நடந்து வர்ற பொண்ணுங்களை தினமும் பார்க்கலாம், ஒருத்தனும் திரும்பிக்கூட பார்க்கமாட்டான். பின்னாடி வர்றது, இடிக்கறது, விசிலடிக்கறது, பஸ்ல ஒட்டி நிக்கறது இதெல்லாம் எனக்கு இங்க நடந்ததே இல்ல. நம்ம ஊர்ல பஸ் ஏறும்போது பேக்கை முன்னாடி போட்டுக்குவோமே, அந்தப் பழக்கம் எப்ப போச்சுன்னே தெரியல.

நிஜமா நீ பயப்பட வேண்டியது ஐஸ். மேல லேசா பனி, கீழ கண்ணாடி மாதிரி ஐஸ், கை உடைஞ்ச பொண்ணுங்களை எனக்குத் தெரியும். ஷூவுல மாட்டற முள்ளு, ப்ரொட்டார்னு கடைல கேளு, வாங்கி வச்சுக்கோ. கோட்ல தொங்கவிடற, லைட் பட்டா மின்னற ரிஃப்ளெக்ஸும் கட்டாயம் வேணும், கார்க்காரனுக்கு நீ தெரியணும்ல.

எனக்கு கொஞ்ச நாள் உதறல் எடுத்த ஒரே இடம் துணி துவைக்கற ரூம். பேஸ்மென்ட்ல இருக்கும், ஸ்லாட் புக் பண்ணணும், பகல் ஸ்லாட்டை எல்லாம் பழைய ஆளுங்க புடிச்சிருவாங்க, புதுசா வந்தவளுக்கு ராத்திரிதான் கிடைக்கும். இரும்புக் கதவு, நீள காரிடார், சென்சார் லைட். துணி மடிச்சிட்டு கொஞ்சம் அசையாம நின்னா லைட் பட்டுனு அணைஞ்சிடும், நான் டவலை எடுத்து ஆட்டிட்டு நிப்பேன். ஒரு தடவை அந்த இருட்டுல கதவு திறந்து ஒரு ஆள் வந்தான், எனக்கு உயிரே போச்சு, அவன் என்னைவிட பதறி "சாரி சாரி"ன்னு சொல்லிட்டு டிரையரைக்கூட பார்க்காம ஓடிட்டான் 😄

ஆனா இந்த ஊருக்கு ஒரு கதை இருக்கு, அதையும் சொல்லிடறேன். 1998-ல இருந்து 2005 வரைக்கும் ஒருத்தன் விட்டு விட்டு பொண்ணுங்களை ரோட்ல தாக்கினான், ஹாகா ஏரியா பேரை வச்சே அவனுக்கு பட்டப்பேர். ஊரே நடுங்கிருக்கு. 2006-ல பிடிச்சாங்க, பார்த்தா பொண்டாட்டி புள்ளைங்களோட சாதாரணமா வேலைக்குப் போய்ட்டு இருந்த ஆள். அதுக்கப்புறம் ஊரைக் கட்டறதுலயே பொண்ணுங்க நடமாட்டத்தை யோசிக்க ஆரம்பிச்சாங்க. ரயில்வே ஸ்டேஷன்ல லெவ்னு ஒரு சுரங்கப்பாதை இருக்கு, நல்ல அகலம், மூலைங்களை எல்லாம் வளைச்சு விட்டிருப்பாங்க, எவனும் ஒளிஞ்சு நிக்க முடியாது, சுவர் முழுக்க கண்ணாடி வேலைப்பாடு. டவுன் ஹால் சதுக்கத்துல சிவப்பு பூமா (மலைச்சிங்கம்) ஒண்ணு கத்தற மாதிரி சிலை, மீ டூவுக்கு அப்புறம் 2019-ல வச்சது. அம்மாகிட்ட அந்த சிலை போட்டோ அனுப்பாத, இன்னும் பயந்துடுவாங்க.

மதுரைக்காரன்_இப்ப_ஷிஸ்டா:

சிஸ்டர், எல்லாரும் ரோஸ் கலர் கண்ணாடி போட்டு பேசறாங்க. அந்த வீடியோ பொய் இல்ல, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை ரேப் கேஸ்னு பார்த்தா ஸ்வீடன் ஐரோப்பால ரொம்ப மேல இருக்கும், நீங்களே தேடிப் பாருங்க. அது போக துப்பாக்கிச்சூடு, குண்டு வெடிக்கறது எல்லாம் நியூஸ்ல வருது. ஸ்டாக்ஹோம்ல நாங்க குடும்பத்தோட இருக்கற ஷிஸ்டாவுக்கு அடுத்த மெட்ரோ ஸ்டேஷனே குற்றப் பிரச்சனை உள்ள இடம்னு போலீஸ் போட்ட லிஸ்ட்ல இருக்கற ஏரியா. என் வைஃபை நைட் தனியா விடமாட்டேன். பயமுறுத்தல, ரியாலிட்டி சொல்றேன்.

லுண்ட்_லதா:

மதுரைக்காரன் ப்ரோ, நம்பர் மேல இருக்குங்கறது சரி, அது எப்படி மேல வந்துச்சுன்னு சொல்லாம விட்டுட்டீங்களே. நான் படிக்கறது இதுக்கு பக்கத்து சப்ஜெக்ட், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

இங்க புகார் வந்த அன்னைக்கே கணக்குல ஏறிடும். பின்னாடி விசாரணைல அது வேற குற்றம்னு தெரிஞ்சாலும் அந்த நம்பர் அப்படியே நிக்கும், பல நாட்டுல விசாரணை முடிஞ்ச பிறகுதான் எண்ணுவாங்க. அடுத்து, ஒரு பொண்ணு வந்து "என் புருஷன் ஒரு வருஷமா வாரா வாரம் இப்படி பண்ணான்"னு சொன்னா அது ஒரு கேஸ் இல்ல, ஒவ்வொண்ணும் தனித்தனியா பதிவாகும். புருஷன்னு சொன்னதும் நம்ம ஆளுங்க முழிப்பாங்க, கல்யாணத்துக்குள்ள நடந்தாலும் ரேப் ரேப்தான்னு இங்க 1965-லயே சட்டம் வந்தாச்சு, இந்தியால இன்னும் அதுக்கு விலக்கு இருக்கு. 2005-ல வரையறையை இன்னும் அகலப்படுத்தினாங்க, தூங்கிட்டு இருந்தவ, போதைல இருந்தவகிட்ட நடந்ததெல்லாம் உள்ள வந்துச்சு. 2018 ஜூலை 1-ல இருந்து சம்மதச் சட்டம்: அவ விருப்பத்தோட கலந்துக்கலன்னா ரேப், அவ்ளோதான், அடிச்சானா மிரட்டினானான்னு நிரூபிச்சுட்டு இருக்க வேண்டியதில்ல. அவளுக்கு விருப்பமா இல்லையான்னு கண்டுக்காம நடந்துக்கிட்டவனுக்குன்னே தனிக் குற்றமும் சேர்த்தாங்க. இவ்ளோ பெரிய வலை வீசினா மீன் அதிகமாத்தான் மாட்டும்.

அதுக்காக இங்க ஒண்ணுமே நடக்கலன்னு நான் சொல்லல. 2014-ல வந்த ஐரோப்பிய யூனியன் சர்வேல, 15 வயசுக்கு மேல உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவிச்சேன்னு சொன்ன பொண்ணுங்க டென்மார்க்ல 52 சதவீதம், ஃபின்லாந்துல 47, ஸ்வீடன்ல 46, மொத்த யூனியன் சராசரி 33. வெளில வந்து சொல்ற தைரியம் இங்க அதிகம்னு ஒரு பகுதியை விளக்கலாம், முழுசையும் அப்படி தள்ளிட முடியாது. சம உரிமைல உச்சத்துல இருக்கற நாடுங்கள்ல வீட்டுக்குள்ள வன்முறை ஏன் குறையலன்னு ஆராய்ச்சி பண்றவங்க இதுக்கு நார்டிக் முரண்னு பேரே வச்சிருக்காங்க. கோவைப்பொண்ணு கேட்ட "ரெண்டும் எப்படி உண்மை"ங்கறதுக்கு என் பதில் இதுதான், அந்த லிஸ்ட்காரங்க பெரும்பாலும் பார்க்கறது சம உரிமையை, இந்த சர்வே வீட்டுக்குள்ள நடந்ததையும் சேர்த்து எண்ணிச்சு.

துப்பாக்கி விஷயம்: கேங் பசங்க ஒருத்தனை ஒருத்தன் சுடறது, நடுவுல சம்பந்தமில்லாதவங்களும் செத்திருக்காங்க, அதை மறைக்கல. ஆனா அது பொண்ணுங்கன்னு பார்த்து வர்ற ஆபத்து இல்ல. உங்க வைஃபை கேட்டுப் பாருங்க ப்ரோ, நைட் தனியா போக பயமா இருக்கறது அவங்களுக்கா உங்களுக்கான்னு.

மதுரைக்காரன்_இப்ப_ஷிஸ்டா:

கேட்டேன். "பெண்டல்டாக்ல (லோக்கல் ட்ரெயின்) வெள்ளிக்கிழமை நைட் குடிச்சிட்டு வர்றவங்களைத் தவிர எனக்கு ஒரு பயமும் இல்ல, நீங்கதான் ஃபோன் பண்ணிட்டே இருக்கீங்க"ன்னு சொல்லிட்டா. சரி விடுங்க. 🙏

வடமராட்சி_அக்கா:

தங்கச்சி, நான் ஸ்டாக்ஹோமில கனகாலமா இருக்கிறன். மொழிபெயர்ப்பாளர் வேலை, ஆஸ்பத்திரி, சமூக சேவை அலுவலகம், பொலிஸ், கோர்ட் எல்லா இடமும் போறனான். ரகசியம் காக்க வேணும் எண்டபடியால் ஒருத்தற்ற கதையும் சொல்லேலாது, பொதுவா சொல்லுறன்.

லதா பிள்ளை சொன்னது சரி. நான் மொழிபெயர்க்கப் போன இடங்களில ரோட்டில ஆரோ தெரியாதவன் தாக்கினது எண்டு வந்தது மிகக் குறைவு. மற்றதெல்லாம் வீடு. உமக்கு இப்ப இது தேவையில்லை எண்டு நினைப்பீர், ஆனா இந்தக் கேள்வியை நாளைக்கு கலியாணம் கட்டி இங்க வரப்போற பிள்ளையளும் தேடி வாசிக்கும், அதுக்காக எழுதுறன்.

இங்க ஒருத்தியைக் கட்டிப்போட கயிறு தேவையில்லை, பாங்க் ஐடி காணும். வங்கி, வரி, டொக்டர் அப்பொயின்ட்மென்ட், பிள்ளையின்ர பள்ளிக்கூடம், பார்சல் எடுக்கிறது எல்லாம் அந்த ஒரு ஆப்பாலதான் நடக்கும். கன பேர் வந்த புதுசில "எனக்கு உந்த ஃபோன் அலுவல் விளங்காது, அவரே பார்க்கட்டும்" எண்டு அதையும் அதின்ர நம்பரையும் மனுசன்ர கையில குடுத்திடுவினம். பிறகு அவர் உம்மட பேரில கடன் எடுத்தாலும் உமக்குத் தெரியாது, டொக்டரிட்ட போனா அவருக்குத் தெரியும். பாஸ்போர்ட்டும் பாங்க் ஐடியும் ஒருக்காலும் மற்றவையிட்ட குடுக்கக்கூடாது, அது எவ்வளவு நல்ல மனுசன் எண்டாலும்.

வீசா பயம்தான் பெரிய பூட்டு. "பொலிசுக்குப் போனா உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்கள்" எண்டு சொல்லி வச்சிருப்பினம். இங்கத்தைய குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவரைக் கட்டி வந்தவ, அடி உதையால உறவு முறிஞ்சா தன்ர பேரிலயே தொடர்ந்து இருக்கக் கேட்க சட்டத்தில இடம் இருக்கு. வேலை பெர்மிட்காரற்ற டிபெண்டன்ட் கதை வேற, அந்த பெர்மிட் அவற்ற வேலையோட கொழுவினது, ஆனா அவவுக்கு வேலை செய்யிற உரிமை இருக்கு, ஆனபடியால் வந்த உடன மொழியும் வேலையும் தேடவேணும், வீட்டில இருந்து சமைச்சுக் கொண்டிருந்தா பிறகு கையில ஒண்டும் இராது. 1998இல இருந்து, நெருங்கின ஆள் திரும்பத் திரும்பச் செய்யிற கொடுமை எல்லாத்தையும் சேர்த்து ஒரு பெரிய குற்றமாப் பார்க்கிற சட்டம் இருக்கு. 2021இல இருந்து பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாலே பிள்ளைக்கு எதிரான தனிக் குற்றம்.

நம்பர் எழுதி வையுங்கோ: 020-50 50 50. பெண்களுக்கானது, காசில்லை, இரவு பகல் எந்த நேரமும், பேர் சொல்லத் தேவையில்லை, மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம், ஃபோன் பில்லிலயும் வராது. உயிர் போற அவசரம் எண்டா 112. அவசரமில்லாத பொலிஸ் அலுவல் 114 14.

ஒரு கவலை மட்டும் சொல்லுறன். வெளியில ஒருத்தரும் உம்மட அலுவலில தலையிடாயினம், அது சுகம்தான். ஆனா பக்கத்து வீட்டில சத்தம் கேட்டாலும் கன பேர் தலையிடாயினம். எங்கட ஊரில எண்டா நாலு பேர் வேலிக்கு மேலால எட்டிப் பார்ப்பினம், கதைப்பினம், அது கரைச்சல்தான், ஆனா ஒரு காவலும் கூட. இங்க உதவி இருக்கு, நல்ல உதவி, நீர்தான் போய்க் கதவைத் தட்டவேணும்.

பனிப்பூச்சி:

அக்கா நீங்க சொன்ன பாங்க் ஐடி விஷயம் நூத்துக்கு நூறு. எனக்குத் தெரிஞ்ச வீட்லயே "அவரே எல்லாம் பார்த்துக்குவாரு"ன்னு பெருமையா சொல்றவங்க இருக்காங்க.

கோவைப்பொண்ணு, கோரிடார் கிச்சன் பத்தி கேட்டிருந்தல்ல, மறந்துட்டேன். ரூம் தனி, பூட்டு உண்டு, பாத்ரூம் பெரும்பாலும் ரூமுக்குள்ளயே. கிச்சன்ல பசங்க இருப்பாங்க, அவங்க பாஸ்தா வேக வைப்பாங்க, நீ சாம்பார் வைப்ப, சண்டை வர்றது பாத்திரம் கழுவாததுக்குத்தான். பார்ட்டிதான் கொஞ்சம் கவனம். இங்க வாரம் முழுக்க வாயைத் திறக்காத பையன் வெள்ளிக்கிழமை குடிச்சதும் வேற ஆளா ஆயிடுவான். உன் கிளாஸை கீழ வச்சிட்டு போகாத, கூட வந்த பொண்ணுங்களோடயே கிளம்பு. அப்படியும் ஏதாவது ஆயிட்டா "நான் ஏன் போனேன்"னு உக்காந்துடாத, நீ போனது குற்றம் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போ, போலீஸ் கம்ப்ளைன்ட் குடுத்தாத்தான் பார்ப்போம்னு சொல்லமாட்டாங்க, ஸ்டாக்ஹோம்ல சோடெர்சுக்ஹூசெட்னு ஒரு ஆஸ்பத்திரில இதுக்குன்னே 24 மணி நேர பிரிவு இருக்கு.

தனியா_சுத்தி:

நான் ஸ்வீடன்ல இருக்கல, ஹெல்சிங்கில இருந்து அடிக்கடி வடக்கே ட்ரெக்கிங் போவேன், அதனால ட்ராவல் பார்ட் மட்டும் நான்.

நைட் ட்ரெயின்ல படுக்கை புக் பண்ணும்போது லேடீஸ் கம்பார்ட்மென்ட்னு ஆப்ஷன் வரும், அதை எடு. சும்மா எடுத்தா ஆணும் பொண்ணும் கலந்த ஆறு படுக்கை பெட்டில விழுவ, அதுலயும் ஒண்ணும் ஆகாது, குறட்டை மட்டும் ரெண்டு சுருதில கேக்கும். ஸ்டாக்ஹோம்ல வெள்ளி சனி மெட்ரோ ராத்திரி பூரா ஓடும், மத்த நாள் நைட் பஸ். நைட் பஸ்ல டிரைவர்கிட்ட முன்னாடியே சொன்னா ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல உன் தெருமுனைல இறக்கி விடுவாங்க, நட்ஸ்டாப்னு சொல்லு, புரிஞ்சுக்குவாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச ஏற்பாடு அது, காசு செலவில்லாம ஒரு பொண்ணோட அரை கிலோமீட்டர் பயத்தைக் குறைச்சிட்டாங்க.

கிரூனா தாண்டி அபிஸ்கோ போனா குங்ஸ்லேடென் ட்ரெயில் ஆரம்பிக்கும். மலைக் குடில்ல ரூம் எல்லாம் ஆண் பெண் கலந்துதான், ரூமுக்கு சாவின்னு ஒண்ணு கிடையாது. மொத தடவை உள்ள நுழைஞ்சப்ப என்னடா இதுன்னு இருந்துச்சு, எதிர் பங்க்ல ஒரு தாத்தா சாக்ஸைக் காயப் போட்டுட்டு எனக்கு டீத்தண்ணி வேணுமான்னு கேட்டாரு, அவ்ளோதான், காலைல எழுந்து பார்த்தா மத்த எல்லாரும் கிளம்பிட்டாங்க. சானா, அதாவது சூடான ஆவிக் குளியல் ரூம், இருக்கற குடில்ல பொண்ணுங்களுக்கு ஒரு நேரம், ஆம்பளைங்களுக்கு ஒரு நேரம், கலந்து ஒரு நேரம்னு போர்டு எழுதி வச்சிருப்பாங்க, கலந்த நேரத்துல டிரெஸ் இல்லாம வருவாங்க, தெரியாம உள்ள போய் கத்தாத 😂

மனுஷனை நினைச்சு அங்க பயப்படவே வேண்டாம், பெரும்பாலான இடத்துல ஃபோன் சிக்னல் கிடையாது, ஓடையைத் தாண்டறது, திடீர்னு மாறற வானிலை, இதுதான் ஆளைத் தூக்கும். எந்தக் குடில்ல இருந்து எந்தக் குடிலுக்குப் போறேன்னு அங்க இருக்கற பொறுப்பாளர்கிட்ட சொல்லிட்டு கிளம்பு.

கோவைப்பொண்ணு_24:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. லதாக்கா எழுதினதை அப்படியே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், பெரியப்பா பையனுக்கும் அனுப்பிட்டேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. அம்மா வடமராட்சி அக்கா எழுதினதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க, அப்புறம் "அந்த நம்பரை எழுதிக்கோ"ன்னு மட்டும் சொன்னாங்க.

கடைசியா ஒண்ணு. அம்மா பெப்பர் ஸ்ப்ரே ரெண்டு வாங்கி பருப்புப் பொடி டப்பா நடுவுல சொருகி வச்சிருக்காங்க. செக்-இன் லக்கேஜ்ல போட்டா பிரச்சனை இல்லைல?

பனிப்பூச்சி:

ஐயோ முதல்ல அதை வெளிய எடு. ஸ்வீடன்ல பெப்பர் ஸ்ப்ரே ஆயுதம் மாதிரி, லைசன்ஸ் இல்லாம வச்சிருந்தாலே கேஸ். இறங்கின அன்னைக்கே போலீஸ்கிட்ட நீ நிக்கப் போற. இங்க வந்து பின்னை இழுத்தா காது கிழியற மாதிரி கத்தற சின்ன அலாரம் வாங்கிக்கோ, சாவிக்கொத்துல மாட்டிக்கலாம். கலர் அடிக்கற ஸ்ப்ரே ஒண்ணும் விக்கறாங்க, அது சட்டப்படி ஓகே. பருப்புப் பொடி தாராளமா கொண்டு வா, எக்ஸ்ட்ரா இருந்தா எனக்கும் ஒரு டப்பா.

எந்த ஃப்ளைட்ல வர்றேன்னு ப்ரைவேட் மெசேஜ்ல சொல்லு, உமியோ ஏர்போர்ட் ஊருக்கு ரொம்பப் பக்கம், வேலை இல்லாத நாளா இருந்தா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.

வடமராட்சி_அக்கா:

அம்மாவை ஒருக்கா எனக்கு ஃபோன் எடுக்கச் சொல்லும் தங்கச்சி, நான் கதைக்கிறன். நம்பர் இன்பொக்ஸில போட்டிருக்கிறன், பின்னேரம் எண்டா நல்லம்.